மூன்றாவது ஞானஸ்நானம் வேண்டாம் தம்பி

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 36 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு பார்க்கிறேன். பிறந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சுயாதீன சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன், குடியை விட்டேன். அதற்கப்புறம் ஆன்லைன் ரம்மி பிடித்துக்கொண்டது. அழுது ஜெபித்து விட்டுவிடுவேன், சம்பளம் வந்ததும் மறுபடி ஆடுவேன். எங்கள் பாஸ்டர் 1 யோவான் 3:9ஐக் காட்டி, "தேவனால் பிறந்தவன் பாவம் செய்யமாட்டான், நீ செய்கிறாய் என்றால் இன்னும் பிறக்கவே இல்லை" என்றார். இரண்டாவது முறை தாமிரபரணியில் ஞானஸ்நானம் எடுத்தேன், நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை. 2025 ஆகஸ்டில் அந்த ஆப்கள் நின்றதும் விடுதலை கிடைத்ததாகச் சபையில் சாட்சி சொன்னேன். இப்போது ஒரு நண்பன் மூலம் கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டுகிறேன். என் மச்சானோ, "கிருபைக்குள் வந்தவனுக்கு இனிமேல் செய்யப்போகும் பாவம் உட்பட எல்லாம் மன்னிக்கப்பட்டாயிற்று, பாவ அறிக்கைகூடத் தேவையில்லை" என்று வீடியோ வீடியோவாக அனுப்புகிறார். எபிரெயர் 10:26 ஞாபகம் வந்தால் தூக்கமே இல்லை. நான் இரட்சிக்கப்பட்டவன்தானா? மூன்றாவது முறை எடுக்கலாமா? என் மனைவியின் நாலு பவுன் ஆரம் அடகில் இருக்கிறது, அவளுக்குத் தெரியாது.

பதில்: தம்பி, மேலே இருப்பது நான் சுருக்கியது. நீங்கள் அனுப்பியது ஆறு பக்கம். அதில் யோவான் நிருபத்துக்கு இரண்டு பக்கம், எபிரெயருக்கு ஒன்றரை, மச்சானின் வீடியோக்களுக்கு ஒன்று. ஆரத்துக்குக் கடைசிப் பக்கத்தின் கடைசி வரி. நான் அந்த வரியிலிருந்துதான் ஆரம்பிக்க நினைத்தேன். ஆனால் வசனத்தைத் தொடாமல் ஆரத்துக்குப் போனால் 'ஐயர் நழுவுகிறார்' (நம் பக்கம் ஆயரை அப்படித்தானே கூப்பிடுவோம்) என்று நினைப்பீர்கள். சரி, வசனத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

"தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்." நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் இது இப்படித்தான் கதவைச் சாத்தியதுபோல நிற்கிறது. ஆனால் இதே யோவான் இதே நிருபத்தில், இரண்டு பக்கம் முன்னால், "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்று எழுதியிருக்கிறார், அதுவும் 'நாம்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு. அதற்கு மூன்று வசனம் தள்ளி, நீங்கள் பாவம் செய்யாதபடிக்கு எழுதுகிறேன், அப்படி ஒருவன் செய்துவிட்டால் பிதாவிடத்தில் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்கிறார். எழுதியதை மறந்துவிட்டு மாற்றி எழுதுகிற ஆள் இல்லை யோவான். ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து உங்கள் தலையில் போட்டவர் மற்ற இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பல பிரசங்கிகள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் இங்கே வருவது நிகழ்காலம், அதனால் 'தொடர்ந்து, வழக்கமாகப் பாவம் செய்யமாட்டான்' என்று அர்த்தம், எப்போதாவது விழுவதை இது சொல்லவில்லை என்பார்கள். சில ஆங்கில மொழிபெயர்ப்புகளும் அப்படியே போட்டுவிட்டன. நானும் இறையியல் கல்லூரியிலிருந்து வந்த புதிதில் இதை ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் நினைக்கிற அளவுக்குப் பாரம் தாங்காது. ஏனென்றால் அதே நிருபம் 5:16இல் தன் 'சகோதரன்' மரணத்துக்கு ஏதுவல்லாத பாவத்தைச் செய்வதை ஒருவன் கண்டால் அவனுக்காக வேண்டிக்கொள்ளட்டும் என்கிறார், அங்கேயும் வினை நிகழ்காலம்தான். பாவம் செய்துகொண்டிருக்கிறவனை யோவானே சகோதரன் என்று கூப்பிடுகிறார். அப்படியிருக்க இலக்கணத்தை மட்டும் வைத்து யாரையும் உள்ளே சேர்க்கவோ வெளியே தள்ளவோ முடியாது. தவிர உங்கள் விஷயத்தில் இந்தக் குறுக்குவழி உதவவும் செய்யாது. மாதம் தவறாமல் சம்பளத் தேதியில் ஆடுகிறவன் 'எப்போதாவது' என்ற பட்டியலில் வருவானா?

யோவான் யாரை மனதில் வைத்து எழுதினார் என்று பாருங்கள். சபையைவிட்டுப் பிரிந்துபோன ஒரு கூட்டம் இருந்தது (2:19). தங்களிடம் பாவமே இல்லை என்று பேசின ஆட்கள், ஆனால் பக்கத்தில் இருக்கிற சகோதரனை ஏறெடுத்துப் பார்க்காத ஆட்கள். 3:9ஐ மனப்பாடம் செய்துவைத்திருக்கிற எத்தனை பேருக்கு 3:10 ஞாபகம் இருக்கிறது? பிசாசின் பிள்ளைகள் யார், தேவனுடைய பிள்ளைகள் யார் என்று பிரித்துக் காட்டும்போது அவர் கையில் எடுக்கிற அளவுகோல் சகோதரனிடத்தில் அன்பு. இன்னும் ஏழு வசனம் போனால், கையில் ஆஸ்தியை வைத்துக்கொண்டு சகோதரனுடைய குறைச்சலைக் கண்டும் இருதயத்தை அடைத்துக்கொள்கிறவனிடம் தேவ அன்பு எப்படி நிலைக்கும் என்று கேட்கிறார். அதாவது அவர் பேசுவது காசு, சோறு, வீட்டுக்குள் இருக்கிற மனுஷர். எத்தனை தடவை விழுந்தாய் என்கிற கணக்கு அவரிடம் இல்லை. தேவனால் பிறந்தவன் பாவத்தோடு குடித்தனம் பண்ணி அதை வீடு என்று சொல்லமாட்டான் என்பதுதான் அவர் சொல்வது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். விழுவான், ஆனால் விழுந்த இடத்தில் பாய் விரித்துப் படுக்கமாட்டான்.

மச்சானுக்கு வருவோம், அவரிடம் ரொம்ப நேரம் செலவழிக்கப்போவதில்லை. கிருபைக்கு எல்லையில்லை என்பதை நானும் நம்புகிறேன், அதில்லாமல் நான் 31 வருடம் ஆயராக இருந்திருக்க முடியாது. ஆனால் பாவ அறிக்கை விசுவாசிக்கு இல்லை என்றால், அன்றன்றுள்ள அப்பம் கேட்கச் சொல்லிக்கொடுத்த அதே ஜெபத்தில் அடுத்த வரியிலேயே எங்கள் கடன்களை மன்னியும் என்று இயேசு ஏன் வைத்தார்? அப்பம் தினமும் வேண்டும், மன்னிப்பு மட்டும் ஒரே தடவை போதுமா? கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்ற கேள்வி பவுல் காலத்திலேயே வந்துவிட்டது, ரோமர் ஆறாம் அதிகாரத்தில் அவர் பதிலும் ஒரே வார்த்தைதான்: "கூடாதே." அமெரிக்காவில் 1980களின் கடைசியில் ஜான் மெக்கார்த்தர், சேன் ஹாட்ஜஸ் என்ற இரண்டு போதகர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று, கீழ்ப்படியாத விசுவாசம் விசுவாசம்தானா என்று பெரிய சண்டை போட்டார்கள். உங்கள் பாஸ்டரும் மச்சானும் போடுவது ஏறக்குறைய அதன் பேரப்பிள்ளைச் சண்டை. நடுவில் மாட்டிக்கொண்டவர் நீங்கள்.

எபிரெயர் 10:26தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். "மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால்" பாவத்துக்காக வேறொரு பலி இனி இல்லை என்று இருக்கிறது. நீங்கள் நினைப்பது: நான் மனப்பூர்வமாகத்தானே போனை எடுத்தேன், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே. ஆனால் மூன்று வசனம் தள்ளி 29ஐப் பாருங்கள், அந்தப் பாவம் என்னவென்று அவரே சொல்கிறார்: தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதிப்பது, உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தமென்று எண்ணுவது. கிறிஸ்துவே வேண்டாம் என்று உதறிவிட்டுப் போவதைப் பற்றிய எச்சரிக்கை அது. அந்த வசனத்தை நினைத்துத் தூக்கம் கெடுகிறவன் அவரை மிதித்துக்கொண்டிருக்கிறவன் இல்லை, மிதித்துவிட்டோமோ என்று நடுங்குகிறவன்.

இந்தப் பயம் உங்களோடு பிறந்ததும் இல்லை. ரோமப் பேரரசன் டீசியஸ் காலத்தில், கி.பி. 250 வாக்கில், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும் என்று ஆணை வந்தது. உயிருக்குப் பயந்து பல கிறிஸ்தவர்கள் செலுத்திவிட்டார்கள், அப்புறம் அழுதுகொண்டு சபைக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குச் சபையில் இனி இடமே இல்லை என்று ரோமாபுரியில் நொவேஷியன் என்பவர் 251இல் தனிச்சபையே ஆரம்பித்தார். கார்த்தேஜ் பேராயர் சிப்ரியனும் ரோமாபுரி பேராயர் கொர்னேலியுவும், மனந்திரும்பியதைக் காட்டினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பக்கம் நின்றார்கள். நொவேஷியன் ஆட்கள் ஒழுக்கத்தில் சுத்தமானவர்கள், அதை மறுக்கக் கூடாது. 325இல் நிசேயா சங்கத்துக்கு அவர்களுடைய பேராயர் அசேசியஸ் வந்திருந்தபோது, பெரிய பாவம் செய்தவனை மறுபடி சேர்க்கக் கூடாது என்று அவர் சொன்னதைக் கேட்ட கான்ஸ்டன்டைன் பேரரசர், "அசேசியஸ், ஒரு ஏணியை வைத்து நீ மட்டும் தனியாக வானத்துக்கு ஏறிக்கொள்" என்றாராம். சபைச் சரித்திரம் எழுதிய சாக்ரடீஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார் (தத்துவ ஞானி இல்லை, ஐந்தாம் நூற்றாண்டு சாக்ரடீஸ்). அப்படிக் கிண்டல் பண்ணின கான்ஸ்டன்டைன் தன் ஞானஸ்நானத்தைச் சாகப்போகும் தருணம் வரை, 337 வரை, தள்ளிப்போட்டார் என்பது தனி வேடிக்கை. அந்தக் காலத்தில் பலர் அப்படிச் செய்தார்கள். முழுகின பிறகு பாவம் செய்தால் என்ன ஆவது என்ற அதே பயம்தான். அவர்கள் தள்ளிப்போட்டார்கள், நீங்கள் திரும்பத் திரும்ப எடுக்கிறீர்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏணி என்றதும் எனக்கு ஒரு பனையேறி ஞாபகம் வருகிறார். உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் நான் முதல்முதலாக ஆயராக இருந்தேன். அவர் சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாசல் திண்ணையில் உட்காராமல் நின்றபடியே, "ஐயரே, இந்த வாரம் மூணு நாள்" என்பார். குடித்த நாட்களின் கணக்கு. ஒருநாள் திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம், எனக்குப் பொறுக்கவில்லை, மறுபடி பிறந்தவன் இப்படிக் கணக்குச் சொல்லிக்கொண்டு வரமாட்டான் என்று உங்கள் பாஸ்டர் சொன்ன அதே வசனத்தை எடுத்து அவரிடம் சொன்னேன். எனக்கு அப்போது 28 வயது, அவருக்கு என் அப்பா வயது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார், அதற்கப்புறம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவர் மனைவி கோவில் வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்கள்: "அவரு ஏழு நாளும் குடிச்ச மனுசன். ஒங்க முன்னால வந்து சொல்லணுமேன்னுதான் மூணு நாளா கொறச்சாரு. இப்ப மறுபடியும் ஏழு நாளாயிட்டு, திருப்திதானா ஐயரே?" நான்தான் அவர் வீட்டுக்குப் போய் ஓலைப்பாயில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பேசவில்லை, பதநீர் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு சனிக்கிழமை கழித்து வந்து, "அஞ்சு நாள்" என்றார். நான் அப்போதுதான் ஆயர் ஆனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பனையேறி இரட்சிக்கப்பட்டவரா என்று இறையியலாளர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கால்வினைப் பின்பற்றுகிறவர்கள் மெய்யாகத் தெரிந்துகொள்ளப்பட்டவன் கடைசியில் நிலைநிற்பான், அதனால் இப்போதே முத்திரை குத்தாதே என்பார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அறிந்திருந்தும் வேண்டுமென்றே கட்டளையை மீறுவதுதான் பாவம் என்று வரையறுத்துக்கொண்டு, அன்பிலே பூரணம் இந்த வாழ்க்கையிலேயே சாத்தியம் என்று போதித்தார், ஆனால் தான் அதை அடைந்துவிட்டதாக உரிமை கொண்டாடவில்லை. நம் திருநெல்வேலிச் சீமையில் 'ஜெயஜீவியம்', அதாவது பாவத்தை ஜெயித்து வாழ்வது, என்று பேசுவதற்குப் பின்னால் 1875இல் இங்கிலாந்தில் ஆரம்பித்த கெசிக் கூட்டங்களின் வாசனை உண்டு. டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் கெசிக் அனுப்பிய முதல் மிஷனரி. அந்தக் கெசிக் ஆட்கள்கூட உள்ளே இருக்கிற பாவ சுபாவம் வேரோடு போய்விடும் என்று சொல்லவில்லை, ஆவியானவர் அதை அடக்கி வைப்பார் என்றுதான் சொன்னார்கள். ஆக விசுவாசி இனிப் பாவமே செய்யமாட்டான் என்பதற்கு, நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய ஆட்களின் துணையும் இல்லை.

இப்போது மனந்திரும்புதல். இந்தச் சொல் நமக்குக் கிடைத்த பாக்கியம், தம்பி. கிரேக்கச் சொல்லான மெட்டனோயாவில் இருப்பது மனம் மாறுவது. பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல் ஷூப், அதற்கு அர்த்தம் திரும்பி வருவது. நம் ஆட்கள் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவைத்தார்கள். லத்தீன் வேதாகமத்தில் இது 'பிராயச்சித்தம் செய்யுங்கள்' என்று படிக்கும்படி நின்றது, அதை எதிர்த்துத்தான் 1517இல் லூத்தர் தன் 95 வாதங்களில் முதலாவதையே எழுதினார், விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்று. கவனியுங்கள், ஒரு நாள் ராத்திரி கன்வென்ஷன் பந்தலில் முன்னால் போய் நின்றதை அவர் சொல்லவில்லை.

நீங்கள் இதுவரை செய்ததில் அழுகை இருந்தது, மனஸ்தாபம் நிறைய இருந்தது. திரும்பினீர்களா என்றுதான் கேட்கிறேன். சாட்சி சொன்ன கதையையே எடுங்கள். ஆப்பை நிறுத்தியது பாராளுமன்றம். நீங்கள் நிறுத்தவில்லை. கடை மூடியிருந்ததால் வாங்காமல் வந்தவன் 'விட்டுவிட்டேன்' என்று சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. (உங்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் நான் சொன்ன சில சாட்சிகள் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.)

நம் ஊரில் அடகு வைத்த நகையை மீட்பதற்கு என்ன சொல்வோம்? 'நகையைத் திருப்பியாச்சா' என்றுதானே கேட்போம். உங்கள் விஷயத்தில் மனந்திரும்புவதும் நகையைத் திருப்புவதும் வேறு வேறு வேலை இல்லை. வரி வசூலிக்கிற சகேயு மரத்திலிருந்து இறங்கினதும் எத்தனை நாள் உபவாசம் இருக்கட்டும் என்று கேட்கவில்லை, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று அதற்கப்புறம்தான் ஆண்டவர் சொன்னார். 'நான் இரட்சிக்கப்பட்டவனா' என்ற கேள்வியை ஆறு பக்கம் எழுதுவது கஷ்டமாகத் தெரியும், ஆனால் உங்கள் மனைவியிடம் ஒரு வரி சொல்வதைவிட அது ரொம்பச் சுலபம். அந்தக் கேள்விக்குள் நீங்கள் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பரலோகத்தில் தீர்ப்பு என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை பீரோவில் காலியாக இருக்கிற நகைப்பெட்டியைப் பற்றிப் பேசவேண்டியதில்லை, இல்லையா?

அதனால் செய்ய வேண்டியது. அடகுச் சீட்டை எடுங்கள். பிள்ளைகள் தூங்கின பிறகு, ஆனால் உங்கள் மனைவி அசந்து படுக்கப்போகிற நேரமாக இல்லாமல், உட்கார்ந்து சீட்டை முன்னால் வையுங்கள். 'கர்த்தர் என்னோடு பேசினார்' என்று ஆரம்பிக்காதீர்கள். இவ்வளவு தோற்றேன், இங்கே வைத்தேன், இன்னும் இவ்வளவு கடன் என்று முழுத் தொகையையும் சொல்லுங்கள், பாதியை மறைத்து இரண்டாவது தடவை சொன்னால் முதல் தடவையும் பொய்யாகிவிடும். உடனே மன்னிப்புக் கேட்டு நெருக்காதீர்கள், மன்னிக்கச் சொல்லி வசனமும் காட்டாதீர்கள். அவர்கள் கத்தினால் கத்தட்டும், அப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்றால் சொல்லட்டும், அந்த ஆரத்தைப் போட்டவர் அவர்தானே. சம்பளக் கணக்கும் போனில் பணம் அனுப்பும் வழியும் இனி அவர்கள் கையில் இருக்கட்டும். கிரிக்கெட் நண்பனுக்கு ஒரே ஒரு தகவல் அனுப்பி எண்ணை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. சூதாட்டப் பிடி வெறும் ஆவிக்குரிய குறைவு மட்டும் இல்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டுக் கையேடு இதை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் சேர்த்துவிட்டது. ஜெபிக்கிறவனுக்கும் வரும், சிகிச்சையும் உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் நேராகவே கேட்கிறேன்: செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் இந்தப் பதிலை முழுதும் படித்து முடிக்கக்கூட வேண்டாம், முதலில் அந்த எண்ணுக்குப் பேசுங்கள், வீட்டில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யூதாசும் மனஸ்தாபப்பட்டான், காசைக்கூடத் திருப்பிக் கொடுத்தான், ஆனால் ஆசாரியர்கள் "அது உன்பாடு" என்று சொன்னதும் தனியாகப் போய்விட்டான். பேதுருவும் மறுதலித்துவிட்டு மனங்கசந்து அழுதான், ஆனால் மற்றவர்களோடு இருந்தான், அதனால் கடற்கரையில் ஆண்டவர் மீன் சுட்டு வைத்திருந்த காலையில் அவனும் அங்கே இருந்தான்.

ஞானஸ்நானத்துக்குப் பதில்: வேண்டாம். ஒரே கர்த்தர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம் என்று எபேசியரில் இருக்கிறது, உங்களுக்கு ஏற்கனவே ஒன்று அதிகம். (சிறுபிள்ளையில் சி.எஸ்.ஐ.யில் தண்ணீர் தெளித்ததையும் சேர்த்தால் இரண்டு அதிகம், ஆனால் அந்தச் சண்டையை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.) கால்களைக் கழுவ வந்தபோது, அப்படியென்றால் கையையும் தலையையும்கூடக் கழுவும் என்று பேதுரு ஒரேயடியாகப் போனான், அதற்கு ஆண்டவர், "முழுகினவன் தன் கால்களைமாத்திரம் கழுவவேண்டியதாயிருக்கும்" என்றார். உங்களுக்கு இப்போது கால் கழுவுகிற வேலைதான் இருக்கிறது. தாமிரபரணிக்குப் போகவேண்டியதில்லை, வீட்டிலேயே நடக்கும்.

சபையில் சொன்ன சாட்சியைத் திருத்தவேண்டுமா என்று மூன்றாம் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். வேண்டும், ஆனால் மனைவிக்குச் சொன்ன பிறகு. அதற்கு முன்னால் மைக்கைப் பிடித்தால் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு அவர்களுக்குத் தெரிய வரும், அது இன்னொரு அநியாயம்.

அடகுச் சீட்டில் திருப்புவதற்குக் கடைசித் தேதி போட்டிருக்கும். ஆறு பக்கத்தில் அந்தத் தேதியை மட்டும் நீங்கள் எழுதவில்லை. பார்த்து எனக்கு எழுதுங்கள், மனைவிக்குச் சொன்ன நாளையும் சேர்த்து.